பிரிவினையா, பேரமா?
மோட்டார்ப் பந்தய உலகம் தரும் பாடம்

மோட்டார்ப் பந்தயத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. குடாநாட்டிலே நாம் பரம்பரையாக அறிந்த பந்தயம் மாட்டுவண்டிச் சவாரி. புழுதி பறக்கும் சவாரித் திடலும், எல்லைக்கோட்டிலே நிற்கும் நடுவரும், வெற்றிபெற்ற காளைகளின் கழுத்தில் விழும் மாலையுமே நமக்குப் பழக்கமானவை. இலங்கையில் மோட்டார்ப் பந்தயம் நடக்கும் இடங்களோ நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலைப்பாதையும், களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தையின் பழைய விமான ஓடுபாதையும் போன்றவை. அவை நமக்குத் தொலைவில் உள்ளவை.

ஆயினும், இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி வண்டிகளைப் பற்றியது மட்டுமன்று. ஒரு துறையை ஒரே அதிகாரம் ஆளும்போது, அந்த அதிகாரத்தோடு மனம் முறிந்தவர்கள் வெளியேறித் தமக்கென வேறொரு போட்டித் தொடரை அமைக்கலாமா? அப்படி அமைத்தால் அந்தத் துறை வளருமா, தேயுமா? அதன் நட்டத்தை யார் சுமப்பார்? இந்தக் கேள்விகளைக் கேட்கும் தகுதி, ஆளப்படுகின்ற எவருக்கும் உண்டு.

உலகின் முதன்மையான மோட்டார்ப் பந்தயம் போர்முலா வன். அதன் விதிகளை ஆக்குவது பாரிஸ் நகரை இருப்பிடமாகக் கொண்டு வளர்ந்த சர்வதேச மோட்டார்ச் சம்மேளனம். அதன் வருமானத்தைத் திரட்டுவது வேறொரு வணிக நிறுவனம். 2017 ஆம் ஆண்டு முதல் அது அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியாவுக்குச் சொந்தமானது. வண்டிகளை ஓட்டுபவை அணிகள். இம்மூவருக்கும் இடையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் உடன்படிக்கை எழுதப்படுகிறது. உடன்படிக்கை முடியும் காலம் நெருங்கும்போது, “நாங்கள் பிரிந்துபோய் வேறு தொடர் நடத்துவோம்” என்ற குரல் பெரிய அணிகளிடமிருந்து எழுவது வழக்கம். இப்போது 2026 முதல் 2030 வரைக்குமான உடன்படிக்கை எழுதப்பட்டிருப்பதால் அந்தக் குரல் அடங்கியிருக்கிறது. அடங்கியிருக்கும் காலமே அமைதியாக ஆராய்வதற்கு ஏற்ற காலம்.

எம்முடைய முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம். பிரிந்து செல்லும் உரிமை இருப்பது விளையாட்டுக்கு நன்மை. அந்த அச்சம் இல்லாவிட்டால் ஆள்பவர் எவரும் இறங்கிவரமாட்டார். ஆனால், பிரிந்துபோய் இரண்டு தொடர்கள் நிலையாக நின்று மோதிக்கொள்வது இரண்டுக்கும் அழிவு. பிரிவோம் என்று கூறிப் பெரியவர்கள் பேரம் முடித்துத் திரும்பும்போதோ, அந்தப் பேரத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சிறியவர்களே. இந்த மூன்றாவது உண்மையைப் பற்றி உலகம் அதிகம் பேசவில்லை. அதைத் தமிழர் இருவரின் கதையே நமக்குக் காட்டுகிறது.

கோயம்புத்தூரும் சென்னையும் தந்த சாரதிகள்

தமிழ்நாட்டில் மோட்டார்ப் பந்தயம் நேற்று முளைத்ததன்று. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1950 களிலேயே தோன்றியது. உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையாகிய சோழவரத்திலே பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான சுற்றுப்பாதை அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதிக் காரின் இயந்திரத்தைப் பொருத்திக் குறைந்த செலவிலே பந்தய வண்டிகளைக் கட்டி, பணக்காரர் அல்லாத இளைஞரும் ஏறி ஓட்ட வழிசெய்தார். அத்தகைய வண்டிகளில் ஓடி வளர்ந்தவர்களுள் ஒருவரே நரேன் கார்த்திகேயன்.

2005 ஆம் ஆண்டிலே ஜோர்டான் அணியின் சாரதியாகிப் போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயரை அவர் பெற்றார். அந்த ஆண்டு யூன் 19 ஆம் திகதி அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் நடந்ததை நினைவுகூர வேண்டும். மிச்சலின் நிறுவனத்தின் டயர்கள் அந்தப் பாதையின் வேகமான வளைவுக்குத் தாங்கா என்று தெரியவந்தது. வளைவிலே வேகத்தைக் குறைக்கத் தடுப்பு ஒன்று வைக்குமாறு அணிகள் கேட்டன. சம்மேளனம் மறுத்தது. 20 வண்டிகள் பந்தயத்துக்கு முந்திய சுற்றை ஓடின. அச்சுற்று முடிந்ததும் 14 வண்டிகள் கொட்டிலுக்குத் திரும்பிவிட்டன. ஆறே ஆறு வண்டிகள் பந்தயம் ஓடின. பணம் கொடுத்துப் பார்க்க வந்த மக்கள் கூச்சலிட்டனர். அந்த ஆறில் நான்காவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். போர்முலா வன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அன்று பெற்ற ஐந்து மட்டுமே.

இதைக் கூறுவது அவரைக் குறைப்பதற்காக அன்று. மெலிந்த அணியின் வண்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு திறமையுள்ளவனும் முன்வரிசைக்கு வரமுடியாத அமைப்பு அது என்பதைக் காட்டுவதற்காகவே. ஏனெனில், இதே நரேன் வேறொரு தொடரில் என்ன செய்தார்? ஏ-வன் கிராண்ட் பிறீ என்ற தொடர் 2005 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. டுபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அதைத் தோற்றுவித்தார். நாட்டுக்கு ஓர் அணி. எல்லா அணிக்கும் ஒரேவகை வண்டி. போர்முலா வன் ஓய்ந்திருக்கும் மாதங்களிலே பெரும்பாலும் ஓட்டம். எல்லாருக்கும் ஒரே வண்டி என்றவுடன் கோயம்புத்தூர்ச் சாரதியின் கை தெரிந்தது. 2007 டிசெம்பரில் சீனாவின் சூகாயிலும், 2008 மே மாதத்தில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாச்சிலும் இந்திய அணிக்காக அவர் வென்றார்.

ஆகவே, போட்டித் தொடர் வேண்டும் என்பவர்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. பழைய வாயில் அடைக்கப்பட்ட இடத்தில் புதிய வாயில் ஒன்று திறந்தது. நம்மவர் ஒருவர் அதன் வழியே சென்று வென்றார். ஆனால், அந்த வாயில் எத்தனை நாள் திறந்திருந்தது? பணமுடைப்பட்டு 2009 ஆம் ஆண்டிலே அத்தொடர் நின்றுபோயிற்று.

1981 இல் பட்டத்தை இழந்தவர்

பிரிவு என்ற ஆயுதத்தை முதலில் கூராக்கியவர் பேர்னி எக்கிள்ஸ்டன். 1970 களின் இறுதியில் அவர் அணிச் சொந்தக்காரர்களைத் திரட்டிச் சங்கமாக நின்றார். மறுபுறத்தில் சம்மேளனத்தின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பிரான்சின் பலெஸ்த்ரே. விதியை ஆக்குபவர் யார், பணத்தைக் கையாள்பவர் யார் என்பதே வழக்கு. 1980 ஆம் ஆண்டு ஸ்பானியப் பந்தயத்தைப் பெராரி, ரெனோல்ட், அல்பா ரொமேயோ ஆகிய மூன்று அணிகளும் புறக்கணித்தன. ஓட்டம் நடந்தது, ஆனால் அது உலகப் போட்டிக் கணக்கிலே சேர்க்கப்படவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் எக்கிள்ஸ்டன் தரப்பினர் தாமே ஓர் உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் அமைப்பதாக அறிவித்தனர். 1981 பெப்ரவரியில் தென்னாபிரிக்காவின் கயலாமியில் தம்முடைய அணிகளை மட்டும் வைத்து ஒரு பந்தயத்தை நடத்தியும் காட்டினர்.

ஒரு மாதத்துள் இரு தரப்பும் சமாதானமாயின. பாரிசிலே சம்மேளனத்தின் பணிமனை இருந்த சதுக்கத்தின் பெயரால் அந்தச் சமாதானம் கொன்கோட் உடன்படிக்கை எனப்பட்டது. எக்கிள்ஸ்டன் கேட்டதில் முக்கியமானதைப் பெற்றார்; தொலைக்காட்சி உரிமை அவர் வழியே திரண்டது; பின்வந்த ஆண்டுகளில் அந்த விளையாட்டுப் பெருஞ்செல்வமாக வளர்ந்தது. பிரிவோம் என்ற அச்சுறுத்தல் வெற்றி பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், ஒருவர் தோற்றார். கயலாமியில் முதலாவதாக வந்தவர் ஆர்ஜென்டீனாவின் கார்லோஸ் ரொய்ட்மன். இரண்டாவதாக வந்தவர் பிரேசிலின் நெல்சன் பிகே. அந்தப் பந்தயம் கணக்கில் எடுக்கப்படவில்லை. ஆண்டு முடிவிலே பிகே 50 புள்ளிகள், ரொய்ட்மன் 49 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளியால் உலகப் பட்டம் கைமாறிற்று. அக்காலத்தில் முதலிடத்துக்கு ஒன்பது புள்ளி, இரண்டாமிடத்துக்கு ஆறு. கயலாமி கணக்கில் சேர்ந்திருந்தால் 58 க்கு 56 என்று பட்டம் ரொய்ட்மனுக்கே உரியதாயிருக்கும். அவர் ஒருபோதும் உலகப் பட்டம் பெறவில்லை. இரு தலைவர்களும் கைகுலுக்கிக் கொண்டார்கள். நட்டத்தைச் சாரதி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஊர் இரண்டுபட்டால்

அச்சுறுத்தலோடு நில்லாமல் உண்மையிலேயே பிரிந்தவர்களின் கதை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இண்டி வண்டிப் பந்தயத்தின் அணிச் சொந்தக்காரர்கள் 1978 ஆம் ஆண்டிலே பழைய அதிகாரத்திலிருந்து பிரிந்து, கார்ட் என்னும் பெயரில் அடுத்த ஆண்டிலேயே தம்முடைய தொடரைத் தொடங்கினர். பிரிவை எதிர்ப்பவர்கள் இதை மறைப்பதுண்டு, நாம் மறைக்கமாட்டோம். அந்தப் பிரிவு வென்றது. காரணம், ஏறத்தாழ எல்லா நல்ல அணிகளும் ஒன்றாகவே போயின. பழைய வீட்டில் வெறும் சுவர்களே எஞ்சின. அது பிரிவு என்பதைவிட இடமாற்றம் என்பதே பொருந்தும்.

ஆனால், 17 ஆண்டுகளில் கார்ட்டே பழைய அதிகாரமாயிற்று. பிரிந்து வந்தவர்களுக்கு எதிராக வேறொருவர் பிரிந்தார். இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலின் தலைவர் டோனி ஜோர்ஜ் 1996 இல் தனித் தொடர் ஒன்றை நடத்தினார். உலகப் புகழ் பெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தின் 33 இடங்களில் 25 இடங்களைத் தம்முடைய தொடரில் ஓடுபவர்களுக்கு ஒதுக்கினார். கார்ட் அணிகள் அதே நாளில், அதாவது 1996 மே 26 ஆம் திகதியில், மிச்சிக்கனில் போட்டிப் பந்தயம் நடத்தின. ஒரு பக்கத்தில் புகழ் பெற்ற திடல் இருந்தது, புகழ் பெற்ற சாரதிகள் இல்லை. மறுபக்கத்தில் சாரதிகள் இருந்தார்கள், அந்தத் திடல் இல்லை.

அன்றிலிருந்து 12 ஆண்டுகள் இந்தப் பிளவு நீடித்தது. எந்தத் தொடரின் வெற்றியாளன் உண்மையான வெற்றியாளன் என்று பார்ப்போருக்குத் தெரியவில்லை. விளம்பரம் கொடுத்த கொம்பனிகள் கைகளைச் சுருக்கின. கார்ட் 2003 இறுதியிலே நொடித்துப்போய், வேறு பெயருடன் தள்ளாடி, 2008 இல் எதிர்த்தரப்போடு இணைந்தது. இந்த ஆண்டுகளிலே நாஸ்கார் என்னும் வேறுவகைப் பந்தயம் அமெரிக்க மக்களின் மனத்தைக் கவர்ந்து கொண்டுவிட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

நம்முடைய சவாரித் திடலை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளிலே ஊரின் கிழக்கில் ஒரு சவாரியும் மேற்கில் ஒரு சவாரியும் வைத்தால், சிறந்த காளைகள் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா. இரண்டு திடலிலும் ஒவ்வொரு வெற்றியாளன் நிற்பான். ஆனால் யார் பெரியவன் என்ற கேள்வி அப்படியே இருக்கும். பந்தயம் என்பது அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகவே வைக்கப்படுவது. விடை காணாத பந்தயத்தை மக்கள் எத்தனை நாளைக்குப் பார்ப்பார்கள்?

2009 இல் நடந்த பேரம்

இனி, எம்முடைய வாதத்தின் உயிர்நிலைக்கு வருகிறோம். 2008 ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ஹொண்டா கொம்பனி போர்முலா வன்னை விட்டு விலகிற்று. செலவைக் குறைக்காவிட்டால் அணிகள் ஒவ்வொன்றாக மடியும் என்று சம்மேளனத் தலைவர் மக்ஸ் மோஸ்லி கருதினார். 2010 ஆம் ஆண்டு முதல் 4 கோடிப் பவுணுக்கு உட்பட்டுச் செலவு செய்யும் அணிகளுக்குத் தொழில்நுட்பச் சலுகைகள் தரப்படும் என்று திட்டம் வகுத்தார். அந்தத் திட்டத்தை நம்பிப் புதிய அணிகள் விண்ணப்பித்தன. சிறு முதலோடு வருபவர்களுக்கு அது ஒரு நம்பிக்கைக் கதவாக இருந்தது.

பெரிய அணிகள் கொதித்தெழுந்தன. கோபத்துக்குக் காரணம் செலவு வரம்பு மட்டுமன்று. கலந்து பேசாமல் ஆணையிடும் மோஸ்லியின் போக்கும் ஒரு காரணமே. 2009 யூன் மாதத்தில், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் பந்தயத்தை ஒட்டி, பெராரி, மக்லாரன், ரெனோல்ட், டொயோட்டா, பி.எம்.டபிள்யூ., ரெட் புல், டோரோ ரோசோ, புரோன் ஆகிய எட்டு அணிகள் தனித் தொடர் அமைப்பதாக அறிவித்தன. ஒரு வாரம் முடிவதற்குள், யூன் 24 ஆம் திகதி பாரிசிலே சமாதானம் பிறந்தது. மோஸ்லி மீண்டும் தலைவராகப் போட்டியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். செலவு வரம்பு கைவிடப்பட்டது. அணிகள் தமக்குள் பேசிச் சிக்கனம் செய்துகொள்ளும் என்று முடிவாயிற்று.

யாருக்கு வெற்றி? பிரிவோம் என்று முழங்கிய எட்டுப் பேருக்கும் வெற்றி. அவர்களுள் இருவர், பி.எம்.டபிள்யூ.வும் டொயோட்டாவும், அந்த ஆண்டு முடியுமுன்னரே போர்முலா வன்னை விட்டுப் போய்விட்டனர் என்பது வேறு வேடிக்கை. தாம் தங்கப்போகாத வீட்டுக்குச் சட்டம் எழுதிவிட்டுச் சென்றார்கள்.

யாருக்குத் தோல்வி? 4 கோடிப் பவுண் என்ற வாக்கை நம்பி வந்தவர்களுக்கு. அந்த யூன் மாதத்தில் இடம் பெற்ற மூன்று புதிய அணிகளுள் ஒன்று திடலுக்கே வரவில்லை. மற்றொன்று ஸ்பெயினில் தொடங்கப்பட்டு, கைமாறி, ஹிஸ்பானியா என்ற பெயரோடு 2010 மார்ச்சில் பஹ்ரெயினுக்கு வந்தது. அந்த அணியின் ஒரு வண்டியில் அமர்ந்திருந்தவர் சென்னையின் கருண் சந்தோக். அவருடைய வண்டி முதன்முதலாக ஓடியதே பந்தய வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டத்தில்தான். முன்னோட்டம் இல்லை, பயிற்சி இல்லை. உலகின் மிக வேகமான சாரதிகளுக்கு எதிராக, முன்பின் ஓட்டிப் பாராத வண்டியில் ஒரு தமிழ்நாட்டு இளைஞன் இறக்கிவிடப்பட்டான். பத்துப் பந்தயங்களோடு அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு அதே அணிக்கு நரேன் கார்த்திகேயன் வந்தார். 2011 இலும் 2012 இலும் ஆண்டின் முதற் பந்தயமாகிய மெல்பேணில், முதலிடத்தவரின் நேரத்துக்கு 107 விழுக்காட்டுக்குள் ஓட வேண்டும் என்ற விதியை எட்டமுடியாமல் அந்த அணியின் இரு வண்டிகளுக்கும் பந்தயத்தில் இடமே கிடைக்கவில்லை. ஒரு புள்ளிகூடப் பெறாமல் 2012 இறுதியில் அந்த அணி மூடப்பட்டது. அதே 2010 இல் வந்த மற்ற இரண்டு புதிய அணிகளும் பின்னர் மறைந்தன. 2010 இன் புதியவர்களில் இன்று ஒருவரும் எஞ்சவில்லை.

பேரம் நடந்த மேசையிலே பெராரி இருந்தது, சம்மேளனம் இருந்தது, எக்கிள்ஸ்டன் இருந்தார். இன்னும் ஒரு பந்தயமும் ஓடியிராத புதிய அணிகளுக்காகப் பேச அங்கே யார் இருந்தார்? கதவைத் திறப்பதாகச் சொன்ன கை, விருந்தாளி வாசற்படியில் கால் வைத்தபோது விளக்கை அணைத்துவிட்டது.

வரம்பு தவறென்று முழங்கினார்களே, பின்னர் என்ன ஆயிற்று? 2021 ஆம் ஆண்டில் 14.5 கோடி டாலர் என்று செலவு வரம்பு விதிக்கப்பட்டது. அதே பெராரியும் அதே மக்லாரனும் அதே ரெட் புல்லும் அதற்கு உட்பட்டே ஓடுகின்றன. விளையாட்டு அழிந்துவிடவில்லை. 12 ஆண்டுகள் பிந்தி வந்த நியாயம் சிறியவர்களின் புதைகுழி மீது பூவாக வந்தது.

எதிர்வாதமும் எமது விடையும்

“பிரிவே கூடாதென்றால் ஆள்பவர்கள் ஆடுவதெல்லாம் ஆட்டமாகிவிடாதா?” என்று கேட்பார்கள். சரியான கேள்வி. நமக்கு அண்மையில் உள்ள கிரிக்கெட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. 2007 ஆம் ஆண்டிலே இந்தியாவில் சபையின் அனுமதியின்றி இந்தியன் கிரிக்கெட் லீக் என்ற தனித் தொடர் தொடங்கப்பட்டது. இலங்கையின் மாவன் அத்தபத்துவும் ரசல் ஆணல்டும் அதில் ஆடினர். அதன் முதற் கிண்ணத்தைச் சென்னை அணி வென்றது. இந்தியக் கிரிக்கெட் சபை அதில் ஆடியவர்களுக்குக் கதவடைத்தது. ஆனால் மறுகையால் 2008 இல் ஐ.பி.எல். தொடரைத் தொடங்கிற்று. தனித் தொடர் மாண்டது. அது தந்த அச்சத்திலே விரைந்து பிறந்தது வாழ்ந்தது. அந்த மாதிரியைப் பின்பற்றியே 2020 இல் இலங்கையிலும் லங்கா பிறீமியர் லீக் வந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் அதில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணிக்கு ஆடி, 2024 இல் ஐ.பி.எல். வரை சென்றார். ஆகவே, தோற்றுப்போன ஒரு பிரிவின் பயன் நம்முடைய வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது என்பதை நாம் மறக்கவில்லை.

மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. முதலில் துணிந்து வெளியேறிய ஆட்டக்காரர்கள் தண்டனை பெற்றார்கள். பின்னால் வந்தவர்கள் செல்வம் பெற்றார்கள். நமக்கோ, பெயர் நமதாகவும் திடல் பிறர் ஊரிலுமாக இருந்தது. 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து லங்கா பிறீமியர் தொடர்களில் நான்கில் யாழ்ப்பாண அணியே வென்றது. ஆயினும் ஓர் ஆட்டம்கூடக் குடாநாட்டு மண்ணில் நடக்கவில்லை. புதிய தொடர் வந்துவிட்டது என்பதனால் மட்டும் நியாயம் வந்துவிடாது. அதன் சட்டத்தில் நமக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எனவே, மோட்டார்ப் பந்தயத்துக்கு வேண்டியது இரண்டாவது சிம்மாசனம் அன்று. முதலாவது சிம்மாசனத்துக்குக் கடிவாளம். அதற்கான வழிகள் இல்லாமலில்லை.

முதலாவது, விதி ஆக்குபவரும் பணம் எண்ணுபவரும் ஒருவராக இருத்தல் ஆகாது. ஐரோப்பிய ஆணைக்குழு இதை ஆராய்ந்து, சம்மேளனம் வணிகத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு 2001 ஆம் ஆண்டிலே விசாரணையை முடித்தது. ஆனால், அதனோடு வணிக உரிமை 100 ஆண்டுகளுக்கு எக்கிள்ஸ்டனின் கொம்பனிக்குக் குத்தகையாயிற்று. நூறு ஆண்டுக் குத்தகைக்குப் பெயர் விலகல் என்றால், அதை அகராதியில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, புதிய அணிக்குக் கதவு திறந்திருத்தல் வேண்டும். அமெரிக்காவின் அண்ட்ரெட்டி அணிக்குச் சம்மேளனம் 2023 இல் அனுமதி அளித்தது. வணிக நிறுவனம் 2024 ஜனவரியிலே மறுத்தது. இருக்கும் பத்து அணிகளுக்குப் பங்கு குறையும் என்ற கவலை வெளிப்படையாகவே பேசப்பட்டது. அமெரிக்க அரசின் நீதித் திணைக்களம் ஏகபோகம் பற்றிய விசாரணையைத் தொடங்கிய அதே ஆண்டின் இறுதியில், ஜெனரல் மோட்டர்சின் கடிலாக் என்ற பெயரோடு அந்த முயற்சிக்கு இணக்கம் தெரிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் 2026 ஆம் ஆண்டுக்கான 11 ஆவது அணியாக அது உறுதி பெற்றது. சட்டத்தின் கண் விழித்தவுடன் பூட்டு இளகியது. பிரிவு செய்யாததைப் பொதுச் சட்டம் செய்தது. ஆனால், பின்னால் நின்று தட்டியது ஜெனரல் மோட்டர்ஸ் என்னும் மலை. மலையில்லாதவன் தட்டினால் திறக்குமா என்பதே எம் கேள்வி.

மூன்றாவது, உடன்படிக்கை எழுதும் மேசையிலே கடைசி அணிக்கும், ஓட்டுகின்ற சாரதிக்கும் இருக்கை வேண்டும். ரொய்ட்மனின் பட்டமும் சந்தோக்கின் வாய்ப்பும் போனது அவர்களுடைய திறமைக் குறைவாலன்று. அவர்களைப் பற்றிய முடிவு அவர்கள் இல்லாத அறையில் எடுக்கப்பட்டதனால். பிரிவானாலும் சமாதானமானாலும், அந்த அறையின் கதவு திறக்காவிட்டால் பயன் ஒன்றே: பெரியவன் மேலும் பெரியவனாவான்.

யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் ஒரு நாள் அந்த வண்டிகளில் ஏறுவான் என்று எண்ணுவது பகற்கனவு என்று சிலர் சிரிக்கக்கூடும். கோயம்புத்தூரில் மாருதி இயந்திரம் பூட்டிய சிறு வண்டி ஓடியபோதும் சிரித்திருப்பார்கள். அந்த இளைஞன் என்றேனும் ஏறினால், அவன் நுழையப்போவது பெராரியின் வாயிலால் அன்று. வரிசையின் கடைசியில் நிற்கும், பணமில்லாத, புதிய அணியொன்றின் வாயிலாலேயே நுழைவான். ஆகையால், “பிரியலாமா?” என்று பெரியவர்கள் அடுத்த முறை முழங்கும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நீங்கள் பிரிந்தாலும் சேர்ந்தாலும் கடைசி வண்டிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அதற்கு விடை தரும் வரை, அவர்களுடைய கோபத்தையும் நாம் நம்பவேண்டியதில்லை, சமாதானத்தையும் நம்பவேண்டியதில்லை.